சட்டம், வரலாறு, பண்பாடு சந்திக்கும் ஆய்வுக்கு ஃபெலோஷிப் விண்ணப்பிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதுநிலையிலோ முனைவர் பட்ட ஆய்விலோ இருப்பவர்கள் ஃபெலோஷிப்புக்கு, அதாவது ஆய்வுக்கான நிதியுதவிக்கு, விண்ணப்பிக்கும்போது, பெரும்பாலும் படிவத்தின் முதல் கட்டத்தில் தொடங்கிக் கடைசிக் கட்டத்தில் முடிக்கிறார்கள். தலைப்பு, சுருக்கம், முன்வரைவு (என்ன ஆய்வு, எப்படிச் செய்வீர்கள் என்ற விளக்கம்), காலத்திட்டம், செலவு, பரிந்துரையாளர் பெயர் என்று அது இறங்கிக்கொண்டே போகும். வேலையையும் அதே வரிசையில் செய்தால் தலைப்பு அழகாக அமையும், உள்ளே பிடிமானம் இருக்காது. நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன், கிடைக்கவில்லை. அப்புறம் சில ஆண்டுகளாக இளைய மாணவர்களின் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். ஆள் மாறினாலும் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய மாறுவதே இல்லை.

கீழே சொல்லும் வரிசை படிவத்தின் வரிசை அல்ல. காலக்கெடுவுக்கு ஐந்து மாதம் முன்பு தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம். மூன்று மாதம் என்றால் நெருக்கும். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால், அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீங்களே உட்கார்ந்து படித்த ஆவணம் ஒன்று வேண்டும். பத்துப் பக்கம் இருந்தாலும் போதும். வேறு ஒருவரின் நூலில் மேற்கோளாக வந்த பத்தியை வைத்து முன்வரைவு எழுத முடியாது. அந்தப் பத்தியை அவர் தம்முடைய கேள்விக்காக வெட்டி எடுத்திருக்கிறார். மீதி என்னவென்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்து, அந்த ஆவணத்தின் மொழியும் கையெழுத்தும் உங்களுக்கு வசப்பட்டிருக்க வேண்டும், குறைந்தபட்சம் பழகத் தொடங்கியிருக்க வேண்டும். இங்கிலாந்து நீதிமன்றங்களின் முறைசார்ந்த பதிவேடுகள் 1733 வரை பெரும்பாலும் லத்தீனில்தான் எழுதப்பட்டன. எழுத்துகூட நீதிமன்றத்துக்கென்றே இருந்த ஒரு தனிப் பாணி. அச்சு நூல்களில் ஆங்கிலம் படித்துப் பழகியவர் அந்த ஏட்டைத் திறந்தால் ஒரு வரிகூட நகராது. தேர்வுக்குழு முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்: இவரால் இதைப் படிக்க முடியுமா? பழைய கையெழுத்தைப் படிக்கும் பயிற்சி எடுத்திருந்தால் அதை முன்வரைவிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது தேவை, உங்கள் வேலையை அறிந்த இருவர். அவர்களைப் பற்றி ஆறாவது பகுதியில் பார்ப்போம்.

2. மூன்று சொற்களில் உங்கள் வீடு எது என்று தீர்மானியுங்கள்

சட்டம், வரலாறு, பண்பாடு என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வது எளிது. வரைவுகளில் நான் பார்ப்பது என்னவென்றால், இரண்டு சொற்கள் வேலை செய்யும், மூன்றாவது அலங்காரமாக நிற்கும். சட்ட மாணவர் தீர்ப்புகளை அலசிவிட்டுக் கடைசிப் பத்தியில் பண்பாடு என்ற சொல்லைச் சேர்ப்பார். இலக்கிய மாணவர் ஒரு வழக்கைக் கதையாகப் படிப்பார், எந்த நீதிமன்றம், அதற்கு என்ன அதிகாரம் என்று பார்த்திருக்க மாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டில் இதைப் பிரித்துப் பார்க்கலாம். 1560இல் பிரான்சின் துலூஸ் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஊரைவிட்டுப் போன மார்ட்டின் கேர் என்ற உழவன் நான்தான் என்று சொல்லி, அர்னோ து தீல் என்பவன் அந்த வீட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டான். சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள். ஊர்ச் செருப்புத் தைப்பவர், இவன் கால் அளவு பழைய மார்ட்டினின் கால் அளவைவிடச் சிறியது என்று சாட்சி சொன்னார். உண்மையான மார்ட்டின் திரும்பி வந்த பிறகுதான் வழக்கு முடிந்தது. அர்னோவைத் தூக்கிலிட்டார்கள். நீதிபதிகளில் ஒருவரான ஷான் து கோரா அடுத்த ஆண்டே அதை எழுதி அச்சிட்டார்.

இதில் சட்டம் கேட்பது: சாட்சிகள் முரண்படும்போது எந்தச் சாட்சியத்துக்கு எடை அதிகம்? வரலாறு கேட்பது: அந்த ஊரில், அந்தக் காலத்தில், நிலமும் வாரிசுரிமையும் எப்படி இருந்தன? பண்பாடு கேட்பது: எழுதத் தெரியாத மக்களும் நிழற்படம் இல்லாத காலமும் சேர்ந்த ஓர் ஊரில், ஒருவரை அவர்தான் என்று எதை வைத்து அடையாளம் கண்டார்கள்? செருப்பு அளவு என்ற ஒரே செய்தி மூன்று கேள்விகளையும் தொடுகிறது. உங்கள் ஆவணத்திலும் அப்படி ஒரு செய்தி இருக்கும். அதைக் கண்டுபிடித்த பிறகு, உங்களுக்குப் பயிற்சி உள்ள துறை எதுவோ அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே நுழையுங்கள். மூன்று துறையிலும் சமமாகத் தேர்ந்தவர் என்று காட்டிக்கொள்ள வேண்டாம், யாரும் நம்பமாட்டார்கள். வீடு ஒன்று, போய்வருகிற இடம் இரண்டு என்று சொன்னால் நம்புவார்கள்.

3. ஆவணத்திலிருந்து கேள்விக்கு வாருங்கள்

எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இது. ஐந்து மாதத்தில் முதல் இரண்டு மாதம் இதற்கே போகட்டும்.

பழகிப் பார்க்க இணையத்தில் இலவசமாக ஓர் இடம் இருக்கிறது. லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த வழக்குகளின் அச்சுப் பதிவுகள், ஏறக்குறைய இரண்டு லட்சம் வழக்குகள், சொல்லை வைத்துத் தேடும் வசதியோடு கிடைக்கின்றன. அதில் 18ஆம் நூற்றாண்டுத் திருட்டு வழக்குகளைத் தொடர்ந்து இருபதையாவது படியுங்கள். ஒன்று மீண்டும் மீண்டும் வரும்: திருடுபோன துணியைக் காட்டி, இது உங்களுடையதுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் பெயரின் எழுத்தைத் தைத்திருக்கிறேன், இந்த ஒட்டு நான் போட்டது, என்று பதில் வரும்.

இப்போது கேள்வி தானாக வருகிறது. சொத்து யாருடையது என்பதற்கு ஒரு தையல் அடையாளம் எப்போது ஆதாரமாக ஏற்கப்பட்டது? அந்தத் தையலைப் படிக்கத் தெரிந்தவர் யார்? ஒரே மாதிரியான துணி பெருகிய காலத்தில் இந்த முறை என்ன ஆனது? ஆவணம் படிக்காத ஒருவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது. தேர்வுக்குழுவும் அதை உடனே உணரும்.

இத்தோடு நிறுத்தாமல், ஆவணத்தையே சந்தேகப்படுங்கள். ஓல்ட் பெய்லிப் பதிவுகள் விற்பனைக்காக அச்சானவை. குற்றம் சுமத்தியவர் தரப்பு விரிவாக வரும் இடங்களில்கூடத் தற்காப்புத் தரப்பின் வாதம் சுருங்கிப்போவதோ விடுபடுவதோ உண்டு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் பாமியே மறைமாவட்ட ஆயர் ஷாக் ஃபூர்னியே, திருச்சபைக் கொள்கைக்கு மாறானவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களிடம் நடத்திய மதவிசாரணையின் ஏடு இன்னொரு வகை. மக்கள் பேசியது தென் பிரான்சின் ஆக்சிதான் மொழி, ஏட்டில் இருப்பது லத்தீன். சாட்சியின் குரல் என்று நாம் நினைப்பது எழுத்தர் மொழிபெயர்த்து அடுக்கிய வாக்கியம்.

ஒவ்வோர் ஆவணத்துக்கும் மூன்றே கேள்வி எழுதிப் பதில் போடுங்கள்: எழுதியவர் யார், யாருக்காக, எதை விட்டார்? புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, தீர்ப்பில் நீதிபதி ஒரு சமூகத்தின் வழக்கத்தைப் பற்றிச் சொன்னதை அப்படியே அந்தச் சமூகத்தின் வழக்கமாக எடுத்துக்கொள்வது. நீதிபதி அதை யாரிடமிருந்து கேட்டார் என்பதில்தான் ஆய்வே இருக்கிறது.

தேதியிலும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25 அன்று தொடங்கியது. 1740 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் நம் கணக்கில் அது 1741. இதைத் தவறவிட்டால், விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வந்ததாக எழுதிவிடுவீர்கள். வரலாற்றாசிரியர் ஒருவர் குழுவில் இருந்தால் அந்த ஒரு பிழையே போதும்.

4. எந்த வகை ஃபெலோஷிப் என்று பாருங்கள்

ஃபெலோஷிப் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வேலைகளுக்கான பணம் வருகிறது. ஆவணக் காப்பகத்துக்குப் போய்வரும் குறுகிய காலப் பயண உதவி, ஒரு நிறுவனத்தில் தங்கி ஆய்வு செய்ய வைப்பது, ஆய்வேட்டை எழுதி முடிக்கும் ஆண்டுக்கானது, கோடைகாலப் பயிலரங்கு. உங்களுக்கு இப்போது எது தேவையோ அதற்கு மட்டும் விண்ணப்பியுங்கள். ஆவணமே பார்க்காத இரண்டாம் ஆண்டு மாணவர் எழுதி முடிக்கும் உதவிக்கு விண்ணப்பிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எவ்வளவு நன்றாக எழுதினாலும் அது நிற்காது.

தேடத் தொடங்க சில இடங்கள்: ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள சட்ட வரலாறு, சட்டக் கோட்பாட்டுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனம். அமெரிக்கச் சட்ட வரலாற்றுச் சங்கம், அதன் வழியாக அறிவிக்கப்படும் வில்லியம் நெல்சன் கிராம்வெல் அறக்கட்டளை உதவிகள். விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் ஓராண்டு விட்டு ஓராண்டு நடக்கும் ஹர்ஸ்ட் கோடைகாலப் பயிலரங்கு. சட்டம், பண்பாடு, மானுடப் புலங்கள் (humanities) சார்ந்த ஆய்வுக்கான சங்கம் தன் ஆண்டு மாநாட்டை ஒட்டி ஆய்வு மாணவர்களுக்கு நடத்தும் பயிலரங்கு. இவை ஒவ்வொன்றின் விதியும் வேறு. எந்த நாட்டுச் சட்ட வரலாறு, பட்டத்தின் எந்தக் கட்டம், குடியுரிமை நிபந்தனை, அங்கேயே தங்க வேண்டுமா என்ற நான்கையும் அந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். பழைய அறிவிப்பை நம்பாதீர்கள்.

என் கருத்து, முதலில் சிறிய பயண உதவிக்கு விண்ணப்பியுங்கள். தொகை குறைவுதான். ஆனால் அதில் கிடைத்த ஆவணம் அடுத்த பெரிய விண்ணப்பத்தின் முதுகெலும்பாகிவிடும்.

5. ஆவணம் உண்மையில் கிடைக்குமா என்று உறுதிசெய்யுங்கள்

ஒரு முறை பத்து நாள் பயணமாக ஒரு காப்பகத்துக்குப் போனேன். பட்டியலில் இருந்த வழக்குக் கட்டு, பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றார்கள். முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். மாற்றுக் கட்டுகளைத் தேடிப்பிடிக்க நான்கு நாள் போய்விட்டது. அந்த நான்கு நாள் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே முன்வரைவு எழுதும் முன்பே காப்பகருக்கு, அதாவது காப்பகப் பொறுப்பாளருக்கு, எழுதுங்கள். நீதிமன்ற ஆவணங்கள் என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. பட்டியலில் உள்ள தொகுதிப் பெயர், எண், ஆண்டு மூன்றையும் குறிப்பிட்டு நான்கு விஷயம் கேளுங்கள்: வாசிப்புக்குத் திறந்திருக்கிறதா, படமெடுக்க அனுமதி உண்டா, ஏற்கெனவே இணையத்தில் ஏறிவிட்டதா, வாசகர் அட்டை பெற என்ன தேவை. தனிநபர் விவரம் உள்ள வழக்குகள் பல இடங்களில் பல்லாண்டுகள் மூடியே இருக்கும். இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்துக்குப் பயணச் செலவு கேட்டால் குழு கேள்வி கேட்கும்.

இன்னொன்று. நிகழ்வு நடந்த ஊரில்தான் ஆவணம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனால் தாளும் கூடவே போகும். 1833 சட்டத்தின்படி அமைந்த லண்டன் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவுக்குப் பிரிட்டிஷ் பேரரசின் பல மூலைகளிலிருந்தும் மேல்முறையீடுகள் வந்தன. அவற்றுக்காக அச்சிட்ட கட்டுகளில் கீழ் நீதிமன்றச் சாட்சியமும் சான்றுப் பத்திரங்களும் சேர்ந்திருக்கும். மூல ஊரில் கரையான் அரித்துப்போன வாக்குமூலம் அங்கே முழுதாகக் கிடைக்கலாம். அதேபோல் ஸ்பானியப் பேரரசின் அமெரிக்க ஆவணங்களைத் தேடுபவர் செவில் நகரில் 1785இல் நிறுவப்பட்ட இந்தியத் தீவுகள் பொதுக் காப்பகத்தைப் பார்க்காமல் திட்டம் போட முடியாது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அங்கே இந்தியத் தீவுகள் என்பது முக்கியமாக அமெரிக்கக் கண்டத்தைக் குறிக்கிறது.

காப்பகரின் பதிலைப் பத்திரமாக வையுங்கள். இந்தத் தொகுதி திறந்திருப்பதைக் காப்பகம் உறுதிசெய்துள்ளது என்ற ஒரு வரி முன்வரைவில் வந்தால், இரண்டு பக்கக் கோட்பாட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

6. பரிந்துரைக் கடிதத்தை இப்போதே கேளுங்கள்

முன்வரைவு முடியட்டும் என்று காத்திருப்பது தவறு. காலக்கெடுவுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு கேட்டுவிடுங்கள். ஒருவர் உங்கள் நெறியாளர். மற்றவர் வேறு துறையைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. வரலாற்று மாணவரின் சட்ட அறிவைப் பற்றிச் சட்டப் பேராசிரியர் ஒருவர் சொன்னால் குழுவின் பாதிச் சந்தேகம் தீரும்.

கேட்கும்போது ஒரு பக்கச் சுருக்கம், உங்கள் எழுத்து ஒன்று, கடைசித் தேதி மூன்றையும் அனுப்புங்கள். யார் எதைப் பற்றி எழுதினால் உதவும் என்றும் பணிவாகச் சொல்லலாம், ஆசிரியர்கள் அதைத் தவறாக எடுப்பதில்லை. சொல்லாவிட்டால் இரண்டு கடிதமும் கடின உழைப்பாளி, நல்ல மாணவர் என்று ஒரே விஷயத்தைச் சொல்லும். பெரிய பெயருக்காக உங்களை அறியாத ஒருவரிடம் போக வேண்டாம். அந்தக் கடிதம் மூன்று வரியில் முடிந்துவிடும்.

7. முன்வரைவை நடுவிலிருந்து எழுதுங்கள்

முதலில் எழுத வேண்டியது ஆவணங்களைப் பற்றிய பத்தி: எந்தத் தொகுதி, எத்தனை கட்டு, எந்த ஆண்டுகள், அதில் எதைப் படித்துவிட்டீர்கள். பிறகு அதை எப்படிப் படிக்கப் போகிறீர்கள் என்ற முறை. அப்புறம் கேள்வி. அதற்குப் பிறகு, இதுவரை மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் எங்கே விலகுகிறீர்கள். தொடக்கப் பத்தி கடைசியில்தான். தொடக்கத்தை முதலில் எழுதினால், அதன் அழகைக் காப்பாற்றவே மீதியை வளைக்கத் தோன்றும்.

குழுவில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். சட்டக்காரர் எந்த நீதிமன்றம், என்ன நடைமுறை, அப்போது நடப்பில் இருந்த சட்டம் எது என்று தேடுவார். வரலாற்றாசிரியர் காலத்தில் என்ன மாறியது என்று தேடுவார். பண்பாட்டு ஆய்வாளர் யாருடைய குரல், அதற்கு என்ன பொருள் என்று தேடுவார். அவரவர் தேடுவது முதல் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம். "சட்டத்துக்கும் பண்பாட்டுக்கும் இடையிலான சிக்கலான உறவை வரலாற்று நோக்கில் இந்த ஆய்வு விரிவாக ஆராயும்." இதில் தவறு என்று எதுவும் இல்லை, தகவல் என்றும் எதுவும் இல்லை. எந்த ஆய்வின் தலையிலும் இதை ஒட்டலாம். இப்போது இது: "1750 முதல் 1800 வரை ஓல்ட் பெய்லியில் நடந்த துணித் திருட்டு வழக்குகளில், தையல் அடையாளத்தை நீதிமன்றம் எப்போது உடைமைக்குச் சான்றாக ஏற்றது, எப்போது மறுத்தது என்று பார்க்கிறேன். அந்த அடையாளத்தை இட்டவர்களும் படித்தவர்களும் யார் என்பதை வைத்து, வீட்டுக்குள் இருந்த அறிவு நீதிமன்றத்தில் சாட்சியமான விதத்தை விளக்குவேன்." காலம், இடம், ஆவணம், கேள்வி எல்லாம் இரண்டு வாக்கியத்தில் வந்துவிட்டன. உங்கள் மைய வாக்கியத்தை இப்படி ஆக்கும் வரை மேலே போகாதீர்கள். எனக்கு வழக்கமாக ஏழெட்டு முறை எழுத வேண்டியிருக்கும்.

கோட்பாட்டாளர் பெயர்களை அடுக்குவது இன்னொரு பழக்கம். ஒரு பெயர் உங்கள் ஆவணத்தைப் படிக்கும் விதத்தை மாற்றுகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

8. காலத்திட்டமும் செலவுக் கணக்கும்

முதல் மாதம் தரவு சேகரிப்பு, இரண்டாம் மாதம் பகுப்பாய்வு என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது. உங்கள் வேகத்தை அளந்து எழுதுங்கள். கைவசம் உள்ள ஆவணத்தின் ஒரு பக்கத்தைப் படித்துக் குறிப்பெடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். புதிய கையெழுத்து என்றால் முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் நகர்ந்தாலே பெரிது, பிறகு வேகம் கூடும். கட்டுகளில் உள்ள பக்கங்களின் எண்ணிக்கையை ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரத்தோடு பெருக்கி, காப்பகத்தின் விடுமுறை நாட்களையும் சேர்த்தால் வரும் கணக்கை யாராலும் அசைக்க முடியாது.

செலவில் விடுபடுபவை பெரும்பாலும் விசாக் கட்டணம், படியெடுக்கும் கட்டணம், காப்பீடு. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல் போடுங்கள். கேட்கத் தயங்கிக் குறைத்துப் போடவும் வேண்டாம். பணம் பாதியில் தீர்ந்தால் வேலையும் பாதியில் நிற்கும் என்று குழுவுக்குத் தெரியும்.

9. கடைசி இரண்டு வாரம்

உங்கள் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் முன்வரைவைக் கொடுத்து, படித்து முடித்ததும் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் மைய வாக்கியத்தோடு பொருந்தவில்லை என்றால் திருத்தம் உங்கள் பக்கம்தான்.

எழுத்து மாதிரி கேட்டால், ஆவணத்தை நெருக்கமாகப் படிக்கும் பகுதியை அனுப்புங்கள், ஆய்வேட்டின் முன்னுரையை அல்ல. சொல் வரம்பை மீறாதீர்கள். கடிதங்கள் வந்து சேர்ந்தனவா என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு அனுப்பிவிடுங்கள்.

10. முடிவு வந்த பிறகு

கிடைக்கவில்லை என்றால் குழுவின் கருத்தைத் தருவார்களா என்று ஒரு முறை கேளுங்கள். எல்லா இடத்திலும் தரமாட்டார்கள். தந்தால், அடுத்த விண்ணப்பத்தில் ஆவணப் பத்தியிலிருந்தே மாற்றத்தைத் தொடங்குங்கள், தலைப்பை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

கிடைத்துவிட்டால், சரி, முதல் வேலை காப்பகருக்கு வரும் தேதியைச் சொல்லி மறுபடி எழுதுவது. அங்கே படமெடுக்கும்போது, ஒவ்வொரு கட்டுக்கும் முதல் படம் அதன் எண் எழுதிய மேலட்டையாகவோ துண்டுச்சீட்டாகவோ இருக்கட்டும். அன்று மாலையே படங்களை அந்த எண்ணின் பெயரில் தனித்தனிக் கோப்புறையில் போட்டு, இன்னொரு பிரதியும் எடுத்துவையுங்கள். எண் தெரியாத படம் எவ்வளவு அருமையான வாக்குமூலமாக இருந்தாலும் ஆய்வேட்டில் அடிக்குறிப்புப் போட முடியாது, அதற்காகவே மறுபடியும் ஒரு பயணம் போக வேண்டிவரும்.